நான்கு தாளில் ஒரு முகம்

மாரிக்குப்பம்,
1901 அக்டோபர் 3

ஐடா அப்பாவுக்கு லூயிசா எழுதுவது.

நாங்கள் சுகம். நீங்கள் கேட்ட மண்ணை இரண்டு பையில் கட்டி, மதராசுக்குப் புறப்பட்ட ஃபிட்டர் சகாயத்திடம் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் தங்கம் எடுத்த பிறகு கொட்டுகிற சயனைடு மேட்டுச் சாம்பல் மண், இன்னொன்றில் சுரங்க வாய் ஷாஃப்டுக்குப் பின்னால் கிடக்கிற சிவப்பு மண். சகாயம் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா அக்கா, மதராஸ்ல மண்ணு கெடைக்கலியா அவருக்கு?" என்று கேட்டார். மைன் ஆபீஸில் வரைபடம் நகலெடுக்கிற நல்ல ட்ரேஸர் வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாகச் சித்திரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார், இந்த மண்ணைப் பசையில் குழைத்துப் பலகையில் பூசுகிறார் என்று சொன்னால் கூலி லைன் முழுக்கச் சிரிக்கும். ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் மைதானத்தில் ஒரு போட்டோக்காரர் கூடாரம் போட்டிருக்கிறார். பெங்களூர் பட்டாளத் தண்டிலிருந்து வந்தவர். அறுப்பின் பண்டிகை முடிகிறவரை இருப்பாராம். எங்கள் வரிசையில் பாதிப் பேர் எடுத்தாயிற்று. ஐடா தினமும் போய்க் கூடார வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் தலையைச் சரிபண்ணச் சொல்கிறாள். நாலரை வயசுக்கு அவளுக்கு வாய் ஜாஸ்தி. நேற்று அந்த ஆளிடமே போய், "எங்கப்பாவும் படம் போடறவருதான். ஒன்ன மாதிரி பொட்டி வச்சிக்கினு இல்ல, கையாலயே போடுவாரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவளை ஒரு படம் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் நானே பார்த்துக்கொள்வேன். ஆனாலும் நீங்கள் சித்திரக்காரர், உங்களுக்கென்று ஒரு எண்ணம் இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கிறேன். அடுத்த வார ஞாயிறு கழிந்தால் கூடாரத்தைப் பிரித்துவிடுவார். உடனே எழுதுங்கள்.

நீங்கள் அவளைக் கடைசியாகப் பார்த்தது போன வருஷத்து ஈஸ்டரில். ஒன்றரை வருஷம் ஆகிறது. பிள்ளை முகம் மாறிக்கொண்டே வருகிறது. சொல்லி வைக்கிறேன்.

லூயிசா


வேப்பேரி, மதராஸ்,
1901 அக்டோபர் 7

லூயிசாவுக்கு,

மண் வந்து சேர்ந்தது. சாம்பல் மண் நான் எதிர்பார்த்ததைவிட மெல்லிசு. பலகையில் பூசினால் ஒரு விரிசல் இல்லாமல் காய்கிறது.

போட்டோ வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்களின் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை முட்டுக் கொடுத்து, ஆடாமல் அசையாமல் நிறுத்துகிறார்கள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளையை அப்படி நிறுத்த வேண்டுமா? அவள் அப்பன் சித்திரக்காரன். என் மகளின் முதல் படத்தை ஒரு கூடாரக்காரன் எடுத்தான் என்றால் எனக்கு என்ன மரியாதை? கிறிஸ்மஸுக்கு வருகிறேன். நானே அவளை உட்காரவைத்து வரைகிறேன். இது சத்தியம்.

இங்கே என் பாடு உனக்குத் தெரியாது. போன வாரம் வாத்தியார் என் பலகையை எல்லார் முன்னாலும் தலைகீழாகத் திருப்பி வைத்து, "மிஸ்டர் ஜெயகரன், இப்போது எது மேல்பக்கம்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மற்றவர்கள் பூந்தொட்டியும் ராஜகுமாரியும் போடுகிறார்கள். என் பலகையில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. நிறம் மட்டும்தான்.

நான் என்ன புதிதாகவா செய்கிறேன்? எட்டு வருஷம் ஆபீஸில் செய்ததைத்தான் செய்கிறேன். நீயே வந்து பார்த்திருக்கிறாய், துணியில் வரைந்து சுவர் நீளத்துக்கு விரித்துவைத்த அந்த மைன் படத்தை. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு தோண்டினார்களோ அவ்வளவு இடத்துக்கு ஒரு நிறம். ஒரு வருஷம் ரோஜா, ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் மஞ்சள். கல் இருக்கிற இடத்துக்கு நிறமே கிடையாது, வெறும் துணி. எடுத்துவிட்ட இடத்துக்குத்தான் நிறம். அதைப் பூசிப் பூசி என் கண்ணே அப்படி ஆகிவிட்டது. சர்வேயரோடு ஒரு நாள் கேஜ் கூண்டில் இறங்கிப் பன்னிரண்டாவது லெவலில் நின்றபோது மெழுகுவர்த்தி அணைந்துபோயிற்று. அன்றைக்கு நான் பார்த்தது கறுப்பு இல்லை, லூயிசா. அதைப் பலகையில் கொண்டுவராமல் எனக்குத் தூக்கம் இல்லை.

ஐடாவுக்கு முத்தம். கிறிஸ்மஸில் பார்ப்போம் என்று சொல்.

ஜெயகரன்


மாரிக்குப்பம்,
1901 டிசம்பர் 28

ஐடா அப்பாவுக்கு.

இருபத்துநாலாம் தேதி காலை வண்டிக்குப் போனோம். மத்தியான வண்டிக்குப் போனோம். சாயங்கால வண்டிக்கும் போனோம். புது கவுனைக் கசங்கவிடக் கூடாது என்று உங்கள் மகள் ஸ்டேஷன் பெஞ்சில்கூட உட்காரவில்லை. பங்காருபேட்டை வண்டியிலிருந்து இறங்குகிற ஆம்பிளைகளையெல்லாம் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவளுக்கு உங்களை அடையாளம் தெரியாது. திரும்பி வரும்போது, "அப்பாக்கு வழி மறந்து பூட்சாம்மா?" என்று கேட்டாள்.

உங்கள் ஆறு வரிக் கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. கண்காட்சியில் உங்கள் பலகைகளைத் தொங்கவிடுகிறார்களாம், பக்கத்தில் நிற்க வேண்டுமாம். நில்லுங்கள். நன்றாக நில்லுங்கள். சத்தியம் பண்ணுகிறவர் நீங்கள், ஸ்டேஷனில் நிற்கிறவர்கள் நாங்கள்.

போட்டோக்காரர் எப்போதோ போய்விட்டார். பக்கத்து வீட்டுக் கங்கம்மா தன் நாலு பிள்ளைகளையும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். ஐடா அங்கே போய் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்குப் பத்து நாளாக இருமல். கம்பவுண்டர் கக்குவான் என்கிறார்.

லூயிசா


வேப்பேரி, மதராஸ்,
1902 ஜனவரி 4

லூயிசாவுக்கு,

நீ திட்டியதெல்லாம் நியாயம். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நடந்ததையும் கேள், சிரிப்பாய்.

மூன்று பலகை எடுத்துக்கொண்டார்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சித்திர மண்டபத்துக்குப் போனேன். அங்கே இல்லை. தேடித் தேடிக் கடைசியில் கனிமப் பொருள் மண்டபத்தில் கண்டேன். ஒரு பக்கம் நம் கோலார் வெள்ளைக் கல், இன்னொரு பக்கம் சேலத்து இரும்புக் கல், நடுவில் என் பலகைகள். கீழே ஒரு அட்டை: 'பூமியின் அடுக்குகள்'. என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இறக்கிவிடுவார்களோ என்று பயம்.

அதற்கு ஒரு வெள்ளி மெடலும் கொடுத்தார்கள். கனிமத் துறையின் மெடல். வேலையை விட்டுவந்த ஒரு சர்வே துரை, கல் சேகரிக்கிறவர், ஒரு பலகையை வாங்கிக்கொண்டு, "எந்த ஆழத்தில் எடுத்த மண் இது?" என்று கேட்டார். பன்னிரண்டாவது லெவல் என்றேன். பொய் இல்லையே. ஒரு மனுஷனாவது அதைப் படம் என்று சொல்வானா என்று மூன்று நாள் பக்கத்திலேயே நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. இதற்காகத்தான் நான் வரவில்லை. எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஐடாவுக்கு ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துத் தேன் விட்டுக் கொடு. பிப்ரவரி முதல் வாரம் நிச்சயம் வருகிறேன். பென்சில், தாள் எல்லாம் வாங்கிவிட்டேன்.

ஜெயகரன்


மாரிக்குப்பம்,
1902 பிப்ரவரி 20

ஐடா அப்பாவுக்கு.

இனி உங்களை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. கட்டின நாளாகப் பெயர் சொன்னதில்லை. அவள் பிறந்த பிறகு இந்தப் பெயர்தான் வாயில் வந்தது. அவள் போனாலும் இதுவே இருக்கட்டும்.

தந்தி கிடைத்து நீங்கள் வந்தபோது மண் போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் இருந்தீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு தடவை என் கையைப் பிடித்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் வாங்கிவைத்தேன் என்று எழுதின பென்சிலையும் தாளையும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. நான் கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்கிறேன். அவள் முகத்தை வரைந்து கொடுங்கள்.

வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். நீங்கள் இங்கே வந்து இருக்க வேண்டாம், நானும் அங்கே வரவில்லை. ஒரு முகம். உள்ளங்கை அளவு இருந்தால் போதும். இந்த உலகத்தில் அவள் முகம் எந்தக் காகிதத்திலும் இல்லை. இருந்திருக்கும். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று நூறு தடவை நினைத்தேன், முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் புருவம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். சட்டென்று வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் வந்தது. பயந்துபோனேன். மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சீக்கிரம் வரையுங்கள்.

லூயிசா


வேப்பேரி, மதராஸ்,
1902 ஏப்ரல் 2

லூயிசாவுக்கு,

தாமதத்தை மன்னித்துவிடு. இரவும் பகலும் இதே வேலைதான். பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. சகாயம் ஊருக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கோணியைப் பிரிக்கும்போது ஓரங்களைப் பார்த்துக்கொள், டைனமைட் பெட்டிப் பலகை, சிலாம்பு குத்தும்.

இதுதான் ஐடா.

உடனே முடிவுக்கு வராதே. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டு, காலை வெயில் ஏறும்போது பார். கீழே இருக்கிற சாம்பல் நீ அனுப்பிய மண். மேலே ஏறுகிற மஞ்சளுக்கு நான் பதினேழு பூச்சுப் பூசியிருக்கிறேன். மூக்கும் கண்ணும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதை எவனும் போடுவான். அவள் இருந்த இடம் காலியானதை நான் போட்டிருக்கிறேன். எடுத்துவிட்ட இடத்துக்குத்தான் நிறம் என்று முன்பே எழுதினேனே. என் வாழ்க்கையில் இதைவிட உண்மையான ஒன்றை நான் செய்ததில்லை.

ஜெயகரன்


மாரிக்குப்பம்,
1902 ஏப்ரல் 20

ஐடா அப்பாவுக்கு.

பலகை வந்தது. சகாயமும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். கங்கம்மா ஓடிவந்து, "இன்னா வாத்தியாரம்மா, புதுக் கதவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே மாட்டினேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன். நான் படிப்பில்லாதவள் இல்லை. அது அழகாக இல்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் உலை பொங்கி அடுப்பு அணைந்துபோயிற்று. ஆனால் நான் கேட்டது அதுவா? நான் முகம் கேட்டேன். காலியான இடத்தை நீங்கள் போட்டு அனுப்ப வேண்டியதில்லை, அது இங்கே வீடு நிறைய இருக்கிறது.

பலகையைத் திருப்பி அனுப்புகிறேன். இதனுடன் நான்கு தாள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன், பத்திரம். நெற்றியில் ஆரம்பித்துத் தாடை வரைக்கும், ஐடாவின் முகம். ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினேன். கங்கம்மாவிடம் கேட்டேன், வகுப்புப் பெண்களிடம் கேட்டேன், அவள் சிரிக்கும்போது எந்தப் பக்கம் குழி விழும் என்று மூன்று பேர் சேர்ந்து சண்டை போட்டார்கள். தழும்பு, பல், காது, கண்ணிமை, ஒன்றையும் விடவில்லை. அதைப் பார்த்துப் போடுங்கள். முதல் வகுப்புப் பிள்ளை ஸ்லேட்டில் போடுகிற மாதிரி இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

நகல் எடுக்கவில்லை. ஒரு தடவை எழுதியதற்கே உயிர் போய் வந்தது.

லூயிசா


வேப்பேரி, மதராஸ்,
1902 ஜூலை 15

லூயிசாவுக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்லப்போகிறேன். பொறுமையாகப் படி.

உன் நான்கு தாளையும் படித்தேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. பென்சிலை எடுத்து ஆறு நாள் முயன்றேன். நீ எழுதினபடி நெற்றி போட்டேன், புருவம் போட்டேன். ஏதோ ஒரு பிள்ளை வந்தது. ஐடா வரவில்லை. அறுபது தாளைக் கிழித்தேன். ஏழாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. உன் எழுத்திலேயே அவள் முழுசாக இருக்கிறாள், நான் எதற்கு இன்னொரு தடவை போட வேண்டும்?

திரும்பி வந்த பலகையில் உன் தாள்களை ஒட்டினேன். நான்கையும் அருகருகே. அதன்மேல் பசையும் சாம்பலும் மெல்லிசாக, அதன்மேல் சிவப்பு, பிறகு மஞ்சள். சில இடத்தில் உன் எழுத்தின் நிழல் தெரிகிறது, படிக்க முடியாது. லூயிசா, அது படமாகவே நின்றது. என் கண்ணால் கண்டேன்.

அந்த சர்வே துரை வந்தார். அரை மணி நேரம் பார்த்தார். இந்தத் தடவை கல்லைப் பற்றியோ ஆழத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "இது படம்" என்றார். நாலு வருஷத்தில் முதல் மனுஷன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பெயர் என்ன என்று கேட்டார். ஐடா என்றேன். வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் சீமைக்குத் திரும்புகிறார், அங்கே தன் வீட்டில் மாட்டப்போகிறாராம். ஒரு பத்திரிகையில் இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள், கத்தரித்து வைத்திருக்கிறேன். வாத்தியார் என்னை முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

நம் மகள் கப்பலேறிச் சீமைக்குப் போகிறாள். உனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெயகரன்


மாரிக்குப்பம்,
1902 ஜூலை 19

என் தாளை யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்?

அடப்பாவி மனுஷா. அது உங்களுக்கு எழுதின கடிதம் இல்லை. அது அவள். பத்திரம் என்று எழுதினேனே, அந்த வார்த்தையின்மேலும் சாம்பலைப் பூசிவிட்டீர்களா? உடனே அந்தத் துரையிடம் போங்கள். காலில் விழுங்கள். பலகையை வாங்கி வெந்நீரில் ஊறவைத்து, தாளை உரித்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து கரைந்திருந்தாலும் பரவாயில்லை, நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

ஆறுதலாம்! என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். அறுபது தாள் கிழித்தேன் என்கிறீர்கள். நான் எழுதினதைப் பார்த்துத்தான் போட்டீர்கள், உங்கள் மனசைப் பார்த்துப் போடவில்லை. கண்ணை மூடினால் உங்களுக்கு ஐடா முகம் தெரிகிறதா? தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்று எழுதுங்கள். நிறத்தைப் பற்றி வியாக்கியானம் எழுதினால் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

லூயிசா


வேப்பேரி, மதராஸ்,
1902 ஆகஸ்ட் 10

லூயிசா,

தெரியாது.

ஈஸ்டருக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயசு. என் தோளில் தூங்கினாள், அந்தக் கனம் தெரிகிறது. தலையில் வைத்த விளக்கெண்ணெய் வாசனை தெரிகிறது. பச்சை கவுன் தெரிகிறது. முகம் வரவில்லை. தந்தி வந்த அன்றே ரயிலில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. நேரில் பார்த்தால் வந்துவிடும் என்று இருந்தேன். அதற்குள் மண் போட்டுவிட்டீர்கள். பெட்டியிலிருந்து பென்சிலை எடுக்காதது அதனால்தான். எடுத்து என்ன போடுவேன்? நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய்.

எடுத்துவிட்ட இடம், காலியான இடம் என்று நான் எழுதினதெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு வாரம் கடத்தினேன், பிறகுதான் துரை வீட்டுக்குப் போனேன். சாமான்கள் முன்பே கப்பலுக்குப் போய்விட்டன. விலாசம் கேட்டதற்கு வேலைக்காரன் தெரியாது என்றான். துறைமுகம் வரை ஓடினேன். கப்பல் நான்காம் தேதியே புறப்பட்டுவிட்டது.

ஜெயகரன்


வேப்பேரி, மதராஸ்,
1904 பிப்ரவரி 6

லூயிசாவுக்கு,

ஒன்றரை வருஷத்தில் ஐந்து கடிதம் எழுதினேன். நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. இது ஆறாவது.

என் சமாசாரம் உன் காதுக்கு வந்திருக்கும். இப்போது சித்திர மண்டபத்திலேயே மாட்டுகிறார்கள். பம்பாயிலிருந்தும் கேட்டு எழுதினார்கள். ஆனால் போன வருஷம் ஏப்ரலிலிருந்து நான் ஒரு பலகையும் பூசவில்லை. யாருக்கும் புரியவில்லை, வாத்தியார் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறார். நான் தினமும் புரசைவாக்கத்தில் இருக்கிற அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் போகிறேன். பிள்ளைகளின் முகத்தை வரைகிறேன். பத்து மாதமாக அதுதான் வேலை. முதலில் எல்லாம் ஒன்று போலவே வந்தன. இப்போது, விடுதி அம்மா ஒரு பிள்ளையை என் கண்ணில் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னால்கூட, அது யார் என்று மற்றப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்படி வரைந்துவிடுகிறேன். சோதித்துப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஏழு சரி.

நான் வருகிறேன். நீ எதிரே உட்கார்ந்து சொல், நான் வரைகிறேன். மூக்கு சரியில்லை என்றால் அழிக்கிறேன். நூறு தடவை அழிக்கச் சொன்னாலும் அழிக்கிறேன். தாளிலிருந்து அவள் உன்னைப் பார்க்கிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன். முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் போய்விடுகிறேன். அதற்குமேல் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

மார்ச் ஐந்தாம் தேதி வண்டிக்கு வரட்டுமா? ஒரே ஒரு வரி எழுது.

ஜெயகரன்


மாரிக்குப்பம்,
1904 பிப்ரவரி 18

ஜெயகரனுக்கு.

பெயரைச் சொல்லி எழுதுகிறேன். கோபத்தில் இல்லை. இன்னாருடைய அப்பா என்று சொல்லிக் கூப்பிட இனி அந்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இது வந்திருந்தால் நான் ஸ்டேஷனுக்கே ஓடி வந்திருப்பேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

உங்கள் "தெரியாது" வந்த பிறகு திரும்பவும் அந்த நான்கு தாளை எழுத உட்கார்ந்தேன். ஒரு தாள்கூட நிறையவில்லை. இனி காகிதத்தை நம்பி ஆகாது, முழுசாக மறப்பதற்குள் எவன் கையிலாவது முகமாகப் போட்டு வாங்கிவிட வேண்டும் என்று பங்காருபேட்டைக்குப் போனேன். அங்கே கோவிந்தன் என்று ஒருவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார். அரிசி மண்டி, துணிக்கடை, எல்லாப் பலகையிலும் எழுத்துக்கு மேலே லட்சுமி படம் போடுவது அவர்தான். நல்ல மனுஷர். இரண்டு சனிக்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். கண் அவ்வளவு பெரிசு இல்லை என்றேன். சரிம்மா என்று சின்னதாகப் போடுவார், பேசிக்கொண்டே இருக்கும்போது அது பெரிசாகிவிடும். கன்னத்தில் சதை இல்லை என்றேன். அழிப்பார், திரும்பவும் வந்துவிடும். கடைசியில் அவரே நொந்துபோய், "கையி பழகிப்போச்சும்மா. நான் எங்க இட்டுக்கினு போனாலும் அது அங்கதான் போய் நிக்குது" என்றார்.

கிரீடமும் தாமரையும் இல்லாத லட்சுமி. கவுன் போட்டிருக்கிறாள். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு கண் இருந்தது, என்னைப் பார்த்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கங்கம்மா பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சர்ச் உபதேசியார் வந்தபோது ஒரு துண்டைப் போட்டு மறைத்தேன். ஒரு மாதம் அதைப் பார்க்கும்போதெல்லாம் இது அவள் இல்லை, இது அவள் இல்லை என்று வாய்விட்டே சொல்லுவேன். பிறகு எப்போது சொல்லாமல் விட்டேன் என்று எனக்குத் தெரியாது. காலையில் அதைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.

போன மாதம் என் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைனுக்குள் முட்டு மரம் கட்டுகிற டிம்பர்காரர் மகள். பெரிய வகுப்பு வாத்தியாரம்மா அவளைப் பார்த்ததும் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். "ஐயோ, ஒங்க ஐடாவேதாம்மா! அதே மூக்கு, அதே வாயி" என்றார்கள். கங்கம்மாவை வரவழைத்தார்கள். அவள் வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஐடாவோடு விளையாடின பெண்கள் இரண்டு பேர் அந்தப் பிள்ளையிடம் கிட்டே போகவே பயந்தார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், நான் இப்போது விழுந்துவிடுவேன் என்று.

நான் அந்தப் பிள்ளையை நன்றாகப் பார்த்தேன். முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கோவிந்தன் போட்ட முகம்தான் மனசில் நின்றது, வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒரு பிள்ளை. பெயர் கேட்டேன், மங்கம்மா என்றாள். உட்கார் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை எடுத்தேன். இப்போதும் தினம் எனக்கு எதிரே முதல் பெஞ்சில்தான் உட்காருகிறாள்.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் அந்த மங்கம்மாவை உட்காரவைத்து வரையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்களும் வரைந்துவிடுவீர்கள், கைதான் பழகிவிட்டதே. சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஐடா, ஐடா என்பார்கள். பெற்ற நாம் இரண்டு பேர் மட்டும் அது யார் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

லூயிசா